ஏலம் தொடங்கும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய கார்களை இணையவழி ஏலத்தில் விற்றுத் தரும் அமைப்பாளர்களுக்கு, மன்னார்குடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

சென்ற ஆண்டு வைகாசியில், நீடாமங்கலத்தை அடுத்து, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு ஒரு காரைப் பார்க்கப் போனேன். 1977-ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் 3 மாடல். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய கீற்றுச் சார்ப்புக்குள் பதினோரு வருடமாக நின்றிருந்தது. பால் வெள்ளைப் பெயின்ட் மங்கியிருந்தாலும் அது கம்பெனியில் அடித்த பெயின்ட். கிரில், மீட்டர், கதவுக் கைப்பிடிகள் எல்லாம் அந்த மாடலுக்கு உரியவை. டிக்கிக்குள் வண்டியோடு வந்த ஜாக்கி கூட இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் பணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய வண்டி. வாங்கிய ரசீதிலிருந்து கடைசியாக மாற்றிய கிளட்ச் பிளேட்டின் பில் வரை ஒரு கணக்கு நோட்டில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி திண்ணையில் உட்கார்ந்தபடி, "தம்பி, இது எத்தனை ரூபாய் பெறும்?" என்று கேட்டார்கள்.

சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு பிடித்திருந்தது. மற்ற இடங்களில் திருப்புளியால் குத்தினால் இரும்பு 'ணங்' என்று பதில் சொன்னது. எஞ்சின் இறுகிப் போய்ச் சுற்றவில்லை. எலி வயரைக் கடித்திருந்தது. வெளியே வந்து, "அம்மா, இதில் எதையும் தொடாதீர்கள். தூசியை மட்டும் துடைத்து, துருவையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். இதன் அருமை தெரிந்தவர் தேடி வருவார்" என்று சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஓர் ஏலத் தளத்தில் அதே காரைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. கருஞ்சிவப்பு நிறத்தில் கண்ணாடி போல் மின்னியது. அலாய் சக்கரங்கள் போட்டிருந்தார்கள். அகல டயர் நுழைவதற்காகப் பின் மட்கார்டின் விளிம்பை வெட்டி மடித்திருந்தார்கள். பாட்டுப் பெட்டி வைப்பதற்காக டேஷ்போர்டில் துளை போட்டிருந்தார்கள். பதினெட்டுப் படங்களில் ஒன்றுகூட அடிப்பாகத்தைக் காட்டவில்லை. இந்தப் பளபளப்பு இல்லாவிட்டால் ஏலத்தில் யாரும் கை தூக்க மாட்டார்கள் என்று ஒரு தரகர் சொன்னாராம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அதை நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறார். செலவு ஒன்றே முக்கால் லட்சம்.

ஏலம் ஐந்தே கால் லட்சத்தில் முடிந்தது. எடுத்தவர் மேற்கு மாவட்டத்துக்காரர், லாரியோடு வந்தார். தன்னோடு அழைத்து வந்த டிங்கர், அதாவது தகடு வேலைக்காரர், தரைக்கு அடியில் பூசியிருந்த கறுப்புத் தார்ப்பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே தகரம் வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். வந்தவர் முன்பணத்தை விட்டுவிட்டு வெறும் லாரியோடு திரும்பிப் போனார். கார் மீண்டும் கீற்றுச் சார்ப்புக்கே போய்விட்டது. ஆனால் அந்த ஏலப் பக்கத்தில் இன்றைக்கும் 'விற்பனையானது, ரூபாய் 5,25,000' என்றுதான் இருக்கிறது.

நான் இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான். அதைப் பார்த்துவிட்டு வலங்கைமானிலும் குடவாசலிலும் இரண்டு குடும்பங்கள் என்னிடம் வந்தன. 'எங்கள் வண்டியும் அதே மார்க் 3, ஐந்து லட்சத்துக்குக் குறைந்து கொடுக்க மாட்டோம்' என்றார்கள். ஒரு வீட்டில் கேட்டு வந்த நல்ல விலையைத் தட்டிவிட்டார்கள். இன்னொரு வீட்டில், சிவப்புப் பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். நடக்காத ஒரு விற்பனை எங்கள் பக்கத்தில் மூன்று கார்களின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. உங்கள் தளத்தில் எதைக் காட்டுகிறீர்களோ அதற்குத்தான் விலை கிடைக்கிறது. எதற்கு விலை கிடைக்கிறதோ அதைத்தான் மக்கள் காருக்குச் செய்கிறார்கள். நீங்கள் பளபளப்பை மட்டும் காட்டும்வரை, காவிரிக் கரையில் மிச்சம் இருக்கும் அசலான வண்டிகள் ஒவ்வொன்றாக, பள்ளத்தை மூடப் பூசும் பட்டிக்கும் பெயின்டுக்கும் அடியில் புதைந்துகொண்டே போகும்.

மதிப்பு எங்கே இருக்கிறது என்று என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய கார் வாங்க வருகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது, 'ஸ்டார்ட் ஆகுமா?' என்பதுதான். அம்பாசிடரைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 1957-இல் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தொடங்கி 2014-இல் நிற்கும்வரை அந்த வண்டி ஓடியது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் அதில் இருந்தது. அதனால் பிஸ்டன், வால்வு, கிளட்ச், பேரிங் எல்லாம் தேடினால் இன்றும் கிடைக்கும். இறுகிப் போன எஞ்சினை ஒரு நல்ல மெக்கானிக் சில வாரங்களில் ஓட வைத்துவிடுவார். ஆனால் அந்தந்த மார்க்குக்கு உரிய கிரில், விளக்கு வளையம், மீட்டர், குரோம் பட்டை ஆகியவை போனால் போனதுதான். அம்பாசிடருக்குத் தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் அரித்துப் போனால், மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அது நிற்கத் தெம்பில்லாத வண்டி. ஆகவே ஓடாமல் நிற்கும் அசல் வண்டி, ஓடும் அரித்த வண்டியைவிட மதிப்பு மிக்கது. உங்கள் ஏலத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

ஹெரால்டு என்றால் கணக்கு வேறு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த அந்த வண்டிக்குத் தனிச் சேஸி உண்டு. பாடியைப் போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். எனவே பாடி கொஞ்சம் போயிருந்தாலும் சேஸி நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். ஆனால் அந்தத் தொழிற்சாலை 1980-களின் இறுதியோடு நின்றுபோனது. உதிரிபாகத்துக்கு அலைந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். ஹெரால்டு வண்டியில் எல்லாக் கண்ணாடியும் முழுசாக இருக்கிறதா என்பதே விலையைத் தீர்மானிக்கும். பம்பாயில் செய்த ஃபியட், அதாவது பிரீமியர் பத்மினி, உதிரிபாகம் கிடைப்பதில் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

அடுத்தது, கார் எங்கே நின்றது என்பது. இதை உங்கள் பட்டியலில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 'தமிழ்நாடு' என்று மட்டும் போடுகிறீர்கள். ஒரே வருடத்து இரண்டு வண்டிகள், ஒன்று தஞ்சாவூரில், மற்றொன்று வேதாரண்யத்தில் நின்றிருந்தால், இருபது வருடத்தில் அவை வேறு வேறு வண்டிகள் ஆகிவிடுகின்றன. உள்நாட்டில் மழைத் துரு மேலிருந்து கீழே இறங்கும். முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் தொடங்கிக் கால் வைக்கும் இடத்துக்கு வரும். கண்ணால் பார்த்துவிடலாம். உப்பளக் காற்றில் நின்ற வண்டியில் துரு தகடுகள் சேரும் இடுக்கில் பிறந்து உள்ளுக்குள்ளேயே பரவும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

தண்ணீரும் எங்களுக்குப் புதிதல்ல. 2004-இல் நாகப்பட்டினம் பக்கம் கடல் ஏறியது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் ஒரத்தநாட்டுப் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரை கடந்தபோது, வண்டிகள் மேல் தென்னை விழுந்தது, கொட்டகை சரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முழுகிய வண்டிகள் சில, பின்னாளில் எங்கள் பக்கம் மலிவு விலைக்கு வந்ததை என் பட்டறையிலேயே பார்த்தேன். முழுகிய வண்டியை எத்தனை முறை கழுவினாலும் வண்டல் விட்டுப் போகாது. ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறத்தில், கதவுக்குள் கண்ணாடி இறங்கும் பள்ளத்தில், இருக்கை ஸ்பிரிங்கின் அடி வளையத்தில் மெல்லிய மண் கோடு நிற்கும். விரலால் தொட்டால் முகப் பவுடர் போல் ஒட்டும். அந்த மூன்று இடத்தையும் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

வெளியூர்க்காரர் பார்த்ததும் பயப்படும் சில குறைகள் உண்மையில் பெரிய குறைகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமே காயை உடைத்துக் கொடுக்கும். அந்தக் கொடியும் வைக்கோலும் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு எண்ணெய் சீலை அறுக்கும். அதனால் டெல்டா வண்டிகளில் பின்பக்கம் எண்ணெய்க் கசிவு சாதாரணம். சீல் மாற்றினால் தீர்ந்தது. எலி கடித்த வயரும் அப்படித்தான். நெல் மூட்டை இருக்கும் வீட்டில் எலி இருக்கும். பழைய காரில் வயர் குறைவு, மாற்றுவது எளிது. இவற்றைக் காட்டினால் விலை விழுந்துவிடும் என்று விற்பவர் அஞ்சி மறைக்கிறார். இவை அற்பம் என்பதை எழுதிக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

இனி காகிதங்கள். இங்கேதான் ஏலம் எடுத்தவர்கள் அதிகம் அழுகிறார்கள். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். பல வருடம் புதுப்பிக்காமல் கொட்டகையில் நின்ற வண்டிக்குத் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் காரின் விலையைப் பேச வேண்டும். 'ஆர்.சி. உள்ளது' என்று ஒரு வரி போட்டால் போதாது. எந்தத் தேதி வரை உயிரோடு இருக்கிறது என்று போட வேண்டும்.

காரின் சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்றால், வாரிசு படிவம் 31 கொடுத்து மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றியிருக்க வேண்டும். எங்கள் கிராமங்களில் நிற்கும் பழைய கார்களில் பாதிக்கு மேல் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கும் என்பது என் அனுபவம். அண்ணன் துபாயில், தம்பி திருப்பூரில், தங்கை மயிலாடுதுறையில். மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கை மாறும். ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டிய பிறகுதான் தங்கை சம்மதிக்கவில்லை என்று தெரிகிறது. காரைக்காலில் பதிவான, பி.ஒய். 02 என்று தொடங்கும் வண்டிகளும் எங்களிடையே ஏராளம். நாகூருக்குப் பக்கம்தான் என்றாலும் அது புதுச்சேரி. தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள, படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வரி கட்ட வேண்டும். இதைப் படிக்காமல் மலிவு என்று எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32 போதும் என்பதால், இணைய ஏலத்துக்கும் அப்படித்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். தனியார் ஏலத்தில் வாங்கினாலும் அது சாதாரண விற்பனைதான். படிவம் 29, 30 இரண்டிலும் பழைய சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். 'ஏலம்' என்ற சொல்லைப் பயன்படுத்தும் நீங்கள் இந்த வேறுபாட்டை முதல் பக்கத்திலேயே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அந்த மூணாறு தலைப்புக் காரின் இழப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது இந்தக் காகிதங்களைப் புரட்டும்போதுதான். 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு, 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்து ஆண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். இதற்கு நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலோ பாடிக் கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது. 1977-இல் வாங்கிய அந்த அம்பாசிடருக்கு 2027-இல் 50 வயது நிறையும். பெரியவரின் கணக்கு நோட்டோடு, தொடாத பாடியோடு அது அந்த வாசலில் போய் நின்றிருக்கலாம். இரண்டு வருடம் பொறுக்காமல், ஏலப் படத்துக்காக மட்கார்டை வெட்டிவிட்டார்கள். ஒன்றே முக்கால் லட்சம் செலவழித்து மதிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எதைப் பாராட்டுகிறீர்களோ அதைத்தானே அவர்கள் செய்தார்கள்?

விலை ஏறும் விதத்தைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் ஊரில் ஏலம் புதிதல்ல. குளத்து மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை), புளியமரம், கோயில் தோப்பு, எல்லாம் ஏலத்தில்தான் போகும். கேட்கிறவர் யார், அவரால் கட்ட முடியுமா, உள்ளூர்க்காரரா, குத்தகைதாரரின் மைத்துனரா என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். மூன்று தரம் சொல்லும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஆளை வைத்து விலையை ஏற்றினால் அன்று மாலையே டீக்கடையில் பேச்சாகிவிடும். உங்கள் ஏலத்தில் முகம் இல்லை. கேட்பவர் வண்டிக்காரரின் தம்பியாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டியே அறிவிக்காமல், தானோ தன் ஆளை வைத்தோ விலை கேட்கக் கூடாது. பொய்க் கேட்பால் விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலை வைத்துக்கொள்ளவும் அதே பிரிவு அனுமதிக்கிறது; அதை அறிவித்துவிட்டுச் செய்யலாம். ஆகவே, குறைந்தபட்ச விலை இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். விலை கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு நிலையான எண் கொடுத்து, எந்த எண் எவ்வளவு கேட்டது, அதே எண் அதே விற்பனையாளரின் மற்ற வண்டிகளிலும் கேட்டதா என்று எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஒரு காரை ஏலத்தில் ஏற்றுமுன் அடிப்பாகத்தை முன்னிருந்து பின்வரை படம் எடுத்துப் போடுங்கள். புதிதாகத் தார் பூசியிருந்தால் ஏன் பூசினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கதவு அடியிலும் மட்கார்டிலும் மெதுவாக ஓட்டி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரும்பில் காந்தம் ஒட்டும். பட்டியில் நழுவி விழும். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும் வீடியோவைப் பாட்டு எதுவும் சேர்க்காமல் போடுங்கள். முதல் புகையின் நிறமும் முதல் பத்து விநாடியின் சத்தமும் பதினெட்டு அழகான படங்களைவிட அதிகம் சொல்லும். சேஸி எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்த படி ஒன்று வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப் போகிறதா என்பதும் வேண்டும். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசிடர்கள் இந்தப் பக்கம் நிறைய, அவற்றில் பலவற்றின் புத்தகத்தில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், விற்பனை முறிந்தால் அதை எழுதுங்கள். 'விற்பனையானது' என்ற சொல்லை, வண்டி வீட்டை விட்டுப் போய்ப் பெயர் மாற்ற மனு கொடுத்த பிறகு போடுங்கள். அதுவரை 'கேட்கப்பட்ட கடைசி விலை' என்று போட்டால் போதும். அந்த ஒரு மாற்றத்தால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பொய்க் கணக்கிலிருந்து தப்பும். வாங்குகிறவர்களும்தான்.

ஆட்கள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும், கார்புரேட்டர் வண்டியைத் தொட்டுப் பழகிய ஒரு கிழ மெக்கானிக்கும் பட்டி எது தகடு எது என்று தட்டியே சொல்லும் ஒரு டிங்கரும் இன்னும் இருக்கிறார்கள். புது வண்டிகளைக் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் காலத்தில் அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. ஒரு காருக்கு அரை நாள் கூலி கொடுத்தால் அடியில் படுத்துப் பார்த்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். விற்பவரோடும் வாங்குபவரோடும் சம்பந்தமில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் இவர்களும் இருக்க மாட்டார்கள்.

போன வாரம் மூணாறு தலைப்புக்கு மறுபடி போனேன். அந்த அம்மாவின் மகனும் விடுமுறைக்கு வந்திருந்தார். பேசினோம். அலாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய சக்கரத்தையே மாட்டியிருக்கிறோம். அவை வைக்கோல் போருக்குப் பின்னால் பத்திரமாகக் கிடந்தன. தார்ப்பூச்சை நானே இரண்டு நாள் சுரண்டி எடுத்தேன். ஒட்டுத் தகரம், அதன் அடியில் இருக்கும் துரு, வெட்டிய மட்கார்டு, பெரியவரின் கணக்கு நோட்டின் எல்லாப் பக்கங்கள் என்று மொத்தம் நாற்பத்தொரு படங்கள் எடுத்திருக்கிறோம். தை அறுவடை முடிந்ததும் அதே காரை மறுபடி ஏலத்துக்கு அனுப்புவதாக இருக்கிறார்கள். உங்களில் யாரிடம் அது வந்தாலும், பழைய ஐந்தே கால் லட்சத்தை நீக்கிவிட்டு, அந்த நாற்பத்தொரு படங்களையும் வரிசை மாற்றாமல் அப்படியே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்